எப்போது நடப்பார்? தண்டுவட அறுவைக்குப் பின்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் சர்க்கரை நோயும் மூட்டுவலியும்தான் எப்போதும் முந்திக்கொண்டு நிற்கும். இம்முறை அப்படியில்லை. வேலைக்குப் போன நாட்டில் விபத்தில் சிக்கி, அங்கேயே அவசரமாக முதுகில் அறுவை செய்யப்பட்டவர்களைப் பற்றி நெல்லை, தென்காசி வட்டாரங்களிலிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்திருந்தன. ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் பயன்படும் என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 34. சவூதியில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். இரண்டரை மாதங்களுக்கு முன் மூன்றாம் மாடி உயரத்திலிருந்து விழுந்துவிட்டார். அன்றிரவே முதுகில் ஆபரேஷன் செய்து கம்பியும் ஸ்குருவும் வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதாக அவருடைய கூட்டாளிகள் போனில் கூறினார்கள். திருவனந்தபுரம் வழியாக ஊருக்குக் கொண்டுவந்து மூன்று வாரமாகிறது. முதுகை அசைக்கக் கூடாது என்று படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. ஆனால் சில வேளைகளில் கால் தானாக வெட்டி இழுக்கிறது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றால் கால் ஏன் வரவில்லை? சென்னையில் மறுபடியும் ஆபரேஷன் செய்யலாமா என்று என் மாமனார் கேட்கிறார். அவர் எப்போது நடப்பார் டாக்டர்?
– வாசகி, ஆலங்குளம் வட்டாரம்

பதில்: சகோதரி, கடிதத்துடன் நீங்கள் வைத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தேன். உங்கள் கணவருக்கு மார்பு முள்ளெலும்புகளில் பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் நொறுங்கியிருக்கின்றன. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று அடுக்கப்பட்டிருக்கும் முள்ளெலும்புகளில், விலா எலும்புகள் பிடித்துக்கொண்டிருக்கும் மார்புப் பகுதி அதிகம் வளையாது. அதற்குக் கீழே உள்ள இடுப்புப் பகுதி நன்றாக வளையும். வளையாததும் வளைவதும் சந்திக்கிற அந்த இடத்தில்தான், உயரத்திலிருந்து விழுகிறவருடைய எடை முழுவதும் வந்து இறங்குகிறது. பனையிலிருந்து விழுந்தவர்களிடமும் சாரத்திலிருந்து விழுந்தவர்களிடமும் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இரண்டு மூன்று எலும்புகளின் முறிவைத்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அந்த மருத்துவர் சொன்னது பொய்யல்ல. முதுகெலும்புக்குள்ளே ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்த எலும்புத் துண்டுகளை விலக்குவது, கோணிப்போன முதுகெலும்பை நேராக்குவது, அது மறுபடியும் நகர்ந்துவிடாதபடி கம்பியும் ஸ்குருவும் கொண்டு பிணைப்பது ஆகிய மூன்றும்தான் அன்றிரவு அவர்கள் செய்ய வேண்டியிருந்தவை. முடிந்தவரை 24 மணி நேரத்திற்குள் அழுத்தத்தை நீக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழக்கம். அதுவும் உங்கள் கணவருக்குக் கிடைத்திருக்கிறது. சாரம் கட்டுகிறவருக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும்: காங்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுத்து நிறுத்துவதைப்போல, எலும்பு கூடும்வரை அந்தக் கம்பி முதுகைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நசுங்கிய தண்டுவடத்தைப் பழையபடி ஆக்கும் அறுவை எதுவும் இன்றுவரை இல்லை. எலும்பு கூடும்; தண்டுவடம் அப்படிக் கூடுவதில்லை. இந்த வேறுபாட்டை உங்கள் குடும்பத்தில் ஒருவரையாவது உட்காரவைத்துச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

எப்போது நடப்பார் என்ற கேள்விக்கு வருகிறேன். சம்மரியில் தண்டுவடக் காயத்தின் கடுமையை ‘ஏஷியா ஏ’ என்ற தரத்தில் குறித்திருக்கிறார்கள். ஆசனவாயைச் சுற்றித் தொட்டாலும் உள்ளே அழுத்தினாலும் உணர்வில்லை, அந்தத் தசையை அவராகச் சுருக்கவும் முடியவில்லை என்பது அதன் பொருள். வீட்டில் எல்லோரும் கால் பெருவிரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். தண்டுவடத்தின் கடைசி நுனியிலிருந்து புறப்படும் நரம்புகள் அங்கே போகின்றன என்பதால், அங்கே சிறிதளவு உணர்வு இருந்தால்கூடக் காயம்பட்ட இடத்தைத் தாண்டிச் சில இழைகளாவது பிழைத்திருக்கின்றன என்று அறிந்துகொள்ளலாம். விபத்து நடந்த முதல் சில நாட்களில், மயக்க மருந்தும் அதிர்ச்சியும் சேர்ந்திருக்கும்போது செய்த சோதனை தவறிப்போக இடமுண்டு. ஆகவே இப்போது மீண்டும் ஒருமுறை முறையாகச் சோதிக்க வேண்டும். உணர்வு ஏதேனும் தென்பட்டால் நிலைமை வேறு, நம்பிக்கையோடு உழைக்கலாம். இப்போதும் ‘ஏ’ என்றே வந்தால், முன்புபோல நடக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. நரம்பு தேறுவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் நடந்துவிடும். அதன் பிறகு மெதுவாக ஒன்றரை, இரண்டு ஆண்டுவரை சிறு சிறு மாற்றங்கள் வரலாம்.

கால் தானாக வெட்டி இழுப்பதைப் பார்த்து ‘உயிர் வருகிறது’ என்று மகிழாதீர்கள். காயத்திற்குக் கீழே இருக்கும் தண்டுவடப் பகுதி, மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தன்போக்கில் இயங்குவதுதான் அந்த இழுப்பு. அது திடீரென்று அதிகமானால் வேறொரு செய்தி இருக்கிறது: சிறுநீரில் கிருமித் தொற்றோ, மலச்சிக்கலோ, படுக்கைப் புண்ணோ, சில வேளை சதைக்குள் வளர்ந்துவிட்ட கால் நகமோகூட அதற்குக் காரணமாக இருக்கும். வலி தெரியாத உடம்பு அப்படித்தான் முறையிடும்.

இரண்டாவது ஆபரேஷன் பற்றி உங்கள் மாமனாரிடம் இப்படிச் சொல்லுங்கள். ஸ்குரு தளர்ந்தால், புண்ணில் சீழ் வைத்தால், இருந்த உணர்வும் குறைந்துகொண்டே போனால் மறுபடியும் திறந்து பார்க்க நேரிடும். காலை வரவழைப்பதற்காக ஓர் ஆபரேஷன் என்பது கிடையாது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டு வருவார்கள். நிலத்தை விற்றுக் கொடுத்துவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யப்படும் ரத்த ஸ்டெம் செல் மாற்றத்தைத் தவிர மற்றவை எல்லாம் ஆய்வு நிலையில் இருப்பவையே. ஆய்வுக்கு உட்படுகிறவரிடம் பணம் வாங்கவும் கூடாது.

இனி, எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயம். மூன்று வாரமாக அவரைப் படுக்கையில் வைத்துக் காத்திருக்கிறீர்கள். கம்பி வைத்ததே அவரைச் சீக்கிரம் உட்காரவைப்பதற்குத்தான். முதுகுக்கு பெல்ட் அணிய வேண்டுமா, எத்தனை நாள் அணிய வேண்டும் என்பதை ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு மருத்துவர் முடிவு செய்யட்டும். அவர் சம்மதித்த அன்றே உட்காரவைக்க வேண்டும். உங்கள் கணவருக்கு இரண்டு கைகளும், தோளும், மார்பும் முழு வலுவோடு இருக்கின்றன. முறையான பயிற்சி கிடைத்தால் படுக்கையிலிருந்து வீல்சேருக்கும், அங்கிருந்து கழிப்பறை நாற்காலிக்கும் அவர் தாமாகவே மாறிக்கொள்வார். தாமே குளித்து, உடுத்தி, வேலைக்கும் போகலாம். காலைத் தாங்கும் சட்டமான காலிப்பர் அணிந்து ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் சில அடிகள் எடுத்து வைக்கவும் சிலரால் முடிகிறது. வீட்டுக்கு ஒருவர் வந்து அரைமணி நேரம் காலை மடக்கி நீட்டிவிட்டுப் போவதால் இது எதுவும் வராது. சில வாரங்கள் தங்கிப் பயில வேண்டும். கூடவே நீங்களும் பயில வேண்டும்.

அதற்கு உங்கள் ஊரிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தில் தண்டுவடக் காயமடைந்தவர்களுக்கென்றே மறுவாழ்வுப் பிரிவு நடக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்ற இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்த படைத்துறை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981இல் சொந்த ஊரில் அந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சற்றுத் தூரம் போகலாம் என்றால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அதன் பின்னாலும் இப்படி ஒருவர்தான்: 1954இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மருத்துவம் பார்த்து, 1966இல் திறக்கப்பட்ட அந்த மையத்தை உருவாக்கினார். ஊரில் வந்து ‘இனிமே அவ்வளவுதான்’ என்று துக்கம் விசாரிப்பவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, இந்த இரண்டில் ஓர் இடத்திற்கு இந்த வாரமே விசாரித்து எழுதுங்கள்.

கேள்வி: கத்தாரில் லாரி மோதி அடிபட்டுத் திரும்பிய என் மகனுக்கு (வயது 27) புட்டத்திற்கு மேலே நடு எலும்பில் முதலில் சிவப்பாக இருந்தது, இப்போது உள்ளங்கை அகலத்திற்குக் கறுத்துவிட்டது. தண்ணீர் மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறோம். சைக்கிள் டியூபைக் காற்றடித்து அடியில் வைக்கிறேன். மஞ்சளும் பவுடரும் போடுகிறேன். ஆறவில்லை.
– ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, கறுத்துவிட்டது என்றால் அங்கே தோலும் அடியில் இருக்கும் சதையும் செத்துவிட்டன. மேலே எதைப் பூசினாலும் அது ஆறாது. அந்தக் கறுத்த பகுதியை வெட்டி நீக்கிச் சுத்தம் செய்தால்தான் புதுச் சதை வளரும். ஆழத்தைப் பொறுத்துப் பிளாஸ்டிக் சர்ஜரியும் தேவைப்படலாம். இதழ் கைக்கு வந்த அன்றே பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள். காய்ச்சலோ, குளிர் நடுக்கமோ, நாற்றமோ இருந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

டியூபை இன்றே எடுத்துவிடுங்கள். புண்ணின் மேல் அழுத்தம் படாமல் அது காக்கிறது என்று பார்ப்பதற்குத் தோன்றும். ஆனால் சுற்றிலும் வளையமாக அழுத்தி, புண்ணுக்கு வரும் ரத்தத்தை அதுவே தடுத்துவிடுகிறது. தண்ணீர் மெத்தையோ காற்று மெத்தையோ நல்லதுதான். ஆனால் அது இருக்கிறது என்று புரட்டிப் படுக்கவைப்பதை விட்டுவிட்டால் பயனில்லை. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும், பக்கம் மாற்ற வேண்டும். நேராக ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பு எலும்பின் மேல் புதிதாகப் புண் வரும். முதுகுப் பக்கம் தலையணை கொடுத்துச் சற்றே சாய்ந்தாற்போல் வைத்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் தொங்கவிடுங்கள். தனியாளாகப் புரட்டுவது கடினம் என்பதை அறிவேன். அடியில் ஒரு போர்வையை விரித்து, இருவர் சேர்ந்து அதைப் பிடித்துத் தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி மரக்கட்டையை உருட்டுவதுபோல உருட்டினால் முதுகும் முறுக்கிக்கொள்ளாது, தோலும் உராயாது.

இனிமேல் எங்கே சிவந்தாலும் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்ததும் வெளுத்துப் பின் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் புண்ணின் தொடக்கம். நம்மைப்போன்ற கறுத்த மேனியில் சிவப்பு தெரியாமல் போகலாம் என்பதால், கையால் தொட்டு அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். அதன் மேல் மீண்டும் படுக்கவைக்காமல் இருப்பதே மருந்து. படுக்கையில் சாவியோ, சில்லறையோ, செல்போன் சார்ஜரோ கிடந்து அதனால் ஆறு மாதம் ஆறாத புண் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உணவில் முட்டையும் மீனும் பருப்பும் அதிகம் வேண்டும். புண்ணிலிருந்து தினமும் புரதம் கசிந்து வெளியேறுகிறது. விபத்தில் அடிபட்டவருக்குக் கஞ்சியும் ரசமும்தான் ஆகும் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். உளுந்தங்களி இடுப்புக்கு வலு என்று நம் ஊரில் கொடுப்பார்களே, அதைத் தாராளமாகக் கொடுங்கள். கருப்பட்டியை மட்டும் அளவோடு சேருங்கள்.

கேள்வி: ஓமனில் கார் கவிழ்ந்து, மார்புக்குக் கீழே செயலிழந்துவிட்டேன், ஐந்தாவது மார்பு முள்ளெலும்பு என்று எழுதியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஏழு மாதமாகிறது. சிறுநீர்க் குழாய் அப்படியே இருக்கிறது. பை நிறைந்து நாற்றம் வருகிறது என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். சில நாள் திடீரென்று தலை வெடிப்பதுபோல வலித்து, முகமெல்லாம் வியர்த்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. இது மனக்கவலையால் வருவதா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: தம்பி, அது மனக்கவலை அன்று. உங்கள் கடிதத்தில் மிக அவசரமான செய்தி அந்தக் கடைசி மூன்று வரிகளில் இருக்கிறது. ஆறாவது மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் காயமடைந்தவர்களுக்கு, கீழே சிறுநீர்ப்பை நிறைந்தாலோ மலம் கட்டினாலோ ரத்த அழுத்தம் திடீரென்று ஏறிவிடும். கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவுவரை போகும். உங்களைப் போன்றவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் வழக்கமாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். ஆகவே 140 என்று காட்டினால் ‘நார்மலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது’ என்று அனுப்பிவிடுகிற மருத்துவரிடம், உங்கள் வழக்கமான அளவு என்ன என்பதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படி வந்தால் முதலில் நிமிர்ந்து உட்காருங்கள், படுக்கக் கூடாது. பெல்ட், இடுப்புக் கயிறு, இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். உடனே குழாயைப் பார்க்க வேண்டும்: மடங்கியிருக்கிறதா, அடைத்துக்கொண்டதா, பை நிறைந்து திரும்புகிறதா என்று. பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அடைப்பை எடுத்தும் சில நிமிடங்களில் தணியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இந்தப் பத்தியை வீட்டில் இருக்கிற இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

இனி குழாய். உங்களுக்கு இரண்டு கைகளும் நன்றாக இயங்குகின்றன என்பதால், ஏழு மாதமாக நிரந்தரக் குழாய் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை நீங்களே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு உடனே எடுத்துவிடும் முறை இருக்கிறது. 1972இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ஜாக் லாபிடஸ் இதைச் சொன்னபோது, கிருமி நீக்கிய கையுறை இல்லாமல் வெறும் சோப்பில் கழுவிய கையோடு செய்வதா என்று பலர் தயங்கினார்கள். கிருமி உள்ளே போவதைவிடச் சிறுநீர் தேங்கிச் சிறுநீர்ப்பை விரிந்து போவதே பெரிய தீமை என்பதை அவர் காட்டினார். இன்று உலகம் முழுவதும் அதுவே முதல் முறையாக இருக்கிறது. ஒரு தடவைக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் வந்தால் இடைவெளி அதிகம் என்று பொருள். கற்றுக்கொள்ள இரண்டு மூன்று நாள் போதும். கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் பல் துலக்குவதைப்போல ஆகிவிடும். உங்கள் சிறுநீர்ப்பை எப்படி இயங்குகிறது என்பதைச் சோதித்த பிறகு சிறுநீரக மருத்துவர் இதற்கு அனுமதி கொடுப்பார்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். பகல் முழுவதும் பரவலாக, சுமார் இரண்டு லிட்டர் குடிக்க வேண்டும்; இரவு படுக்கும் முன் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். சிறுநீர் கலங்கியிருக்கிறது, வாடை வருகிறது என்பதற்காக மட்டும் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடவும் வேண்டாம். காய்ச்சல், குளிர், திடீர் இழுப்பு, ரத்தம் இவை இருந்தால்தான் சிகிச்சை. வருடத்திற்கு ஒருமுறை சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். ஒரு காலத்தில் தண்டுவடக் காயமடைந்தவர்கள் இறந்ததற்குச் சிறுநீரகம் கெட்டதே பெருங்காரணமாக இருந்தது.

கேள்வி: என் தம்பி துபாயில் வேலை செய்த இடத்தில் விழுந்து, முதுகில் ஆபரேஷன் ஆகி பன்னிரண்டு நாளாகிறது. நானும் இங்கேதான் இருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுகிறோம் என்கிறார்கள். அம்மா உடனே கூட்டிவரச் சொல்லி அழுகிறார்கள். விமானத்தில் கொண்டுவரலாமா? எதையெல்லாம் வாங்கிக்கொண்டு வர வேண்டும்?
– வள்ளியூர் வாசகர், துபாயிலிருந்து

பதில்: அவசரப்படாதீர்கள். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, வேலையில் ஏற்பட்ட காயத்திற்கான சிகிச்சைச் செலவை முதலாளி ஏற்க வேண்டும்; வேலை செய்ய முடியாத சிகிச்சைக் காலத்தில் முதல் ஆறு மாதம் முழு ஊதியமும், தொடர்ந்து தேவைப்பட்டால் அடுத்த ஆறு மாதம் பாதி ஊதியமும் தர வேண்டும். நிரந்தர ஊனத்திற்கு இழப்பீடும் உண்டு. ஊனம் எவ்வளவு என்று அங்குள்ள மருத்துவக் குழு எழுதிக்கொடுக்கும் முன் விசாவை ரத்து செய்துவிட்டு வந்தால், அதை ஊரிலிருந்து கேட்டு வாங்குவது பெரும்பாடு. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எந்தக் காகிதத்திலும் தம்பியைக் கையெழுத்திட விடாதீர்கள். இந்தியத் துணைத் தூதரகத்தில் இன்றே பதிவு செய்யுங்கள். ஆதரவற்ற நிலையில் இருப்பவர்களுக்காக 2009 முதல் நடைமுறையில் உள்ள இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கவும் வழியிருக்கிறது. தம்பியுடையது, வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டாக இருந்தால், புறப்படும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அரசுத் திட்டத்தில் காப்பீடு எடுத்திருப்பார். விபத்தால் நிரந்தர ஊனம் ஏற்பட்டு வேலை இழந்தால் அதில் 10 லட்சம் ரூபாய்வரை கிடைக்க இடமுண்டு. அந்தப் பாலிசித் தாள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும். அம்மாவைத் தேடச் சொல்லுங்கள். அவர்கள் அழுகைக்கு நடுவே செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கும்.

வாங்க வேண்டிய காகிதங்களில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் எப்படிச் செய்தார்கள் என்று எழுதிய குறிப்பு, ஸ்குரு கம்பியின் நிறுவனமும் அளவும் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர் தாள், சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களின் அச்சு அல்லாமல் குறுந்தகடு, விபத்துக்கான போலீஸ் அறிக்கை இவையெல்லாம் வேண்டும். அந்த ஸ்டிக்கரை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பிற்காலத்தில் ஒரு ஸ்குருவைக் கழற்ற நேர்ந்தால் எந்த அளவுத் திருப்புளி என்று தெரியாமல் இங்கே அறுவை மருத்துவர்கள் திண்டாடிப்போகிறார்கள்.

பயணத்திற்கு மருத்துவர் தகுதிச் சான்று தர வேண்டும். விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். உட்கார முடியாதென்றால் ஸ்ட்ரெச்சருக்காகப் பல இருக்கைகளை மடக்குவார்கள், செலவு அதற்கேற்ப ஆகும். அசையாத காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து நீண்ட பயணத்தில் அதிகம் என்பதால், ரத்தம் உறையாமைக்கான ஊசி பற்றிப் புறப்படும் முன் கேளுங்கள். திருவனந்தபுரத்தில் இறங்கினால் நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாக ஆம்புலன்ஸில் வந்துவிடலாம். ஆனால் நேரே வீட்டுக்குக் கொண்டுபோகாமல், முதல் கேள்விக்கான பதிலில் சொன்னதைப்போன்ற ஒரு மறுவாழ்வு மையத்தில் முன்கூட்டியே இடம் கேட்டு வைத்துக்கொண்டு, அங்கேயே இறக்குங்கள். அம்மா அங்கே வந்து பார்க்கட்டும்.

கேள்வி: என் அண்ணாச்சிக்கு மலேசியாவில் முதுகில் கம்பி வைத்து நான்கு மாதமாகிறது, ஊன்றுகோலுடன் நடக்கிறார். சீசன் தொடங்கிவிட்டது. குற்றாலம் மெயினருவியில் முதுகைக் காட்டினால் மூலிகைத் தண்ணீர் நரம்பைத் தூண்டும் என்கிறார்கள். வர்மம் தட்டுவது, எண்ணெய் தேய்த்து நீவுவது, வேது பிடிப்பது இவற்றையும் செய்யலாமா? கம்பி உள்ளே துருப்பிடிக்காதா?
– வாசகர், புளியங்குடி

பதில்: அருவியில் வேண்டவே வேண்டாம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர் முதுகில் அறைவதை, இன்னும் முழுதாகக் கூடாத எலும்பு தாங்க வேண்டியதில்லை. அதைவிட, ஊன்றுகோல் வழுக்குகிற பாறையில் கூட்டத்தின் நடுவே அவர் ஒருமுறை விழுந்தால் மலேசியாவில் செய்த அறுவை வீணாகும். குற்றாலத்திற்குப் போகட்டும், சாரலில் உட்கார்ந்து வரட்டும்.

எலும்பு கூடி இறுகப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுவரை ஆகும். அதுவரை முதுகில் தட்டுவதும், திருகிச் சொடுக்கு எடுப்பதும் கூடாது. எண்ணெயை மெதுவாகத் தடவுவதில் தீங்கில்லை, நரம்புக்கு அதனால் நன்மையும் இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அதைத் தொட்டு நீவவே கூடாது. வேதும் ஒத்தடமும் உணர்வு குறைந்த தோலைப் பொசுக்கிவிடும்; வெந்நீர்ப் பை வைத்துத் தோல் உரிந்து வந்தவர்கள் எங்களிடம் எத்தனையோ பேர். கம்பி பெரும்பாலும் டைட்டானியம் என்பதால் துருப்பிடிக்காது, எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை. அண்ணாச்சி பீடி குடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பவர் என்றால் அதை நிறுத்துவது இந்த எல்லா வைத்தியத்தையும்விட மேல். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், சில வேளை கூடவிடாமலும் செய்யும்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஒன்றரை வருடத்தில் கணவருக்கு இந்த விபத்து நேர்ந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை யாரிடமும் கேட்க முடியவில்லை.
– பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: கேட்டதில் தவறொன்றும் இல்லை, சகோதரி. தண்டுவடக் காயமடைந்த ஆண்களில் பலருக்கு உறவில் சிரமம் இருக்கும். அதற்கு மாத்திரைகளும் கருவிகளும் உண்டு, மருத்துவர் பார்த்துத் தருவார். விந்து தானாக வெளிவராவிட்டாலும் அதிர்வுக் கருவி போன்ற முறைகளால் எடுத்துக் கருத்தரிப்புச் சிகிச்சை செய்ய முடியும். இப்படிப் பிறந்த குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள். ஊரில் வேறு முடிவெடுக்கச் சொல்லி யாராவது உங்களை நெருக்கினால், அந்த முடிவு உங்கள் இருவருடையது; மதினிமார்களுடையதும் மாமியாருடையதும் அன்று. இருவருமாகச் சேர்ந்து ஒரு மறுவாழ்வு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மகன் இன்னும் ஒரு மாதத்தில் மறுவாழ்வுப் பயிற்சி முடித்து வீல்சேரில் வீட்டுக்கு வருகிறான். எங்கள் வீடு பழைய வீடு; வாசல் இரண்டடி உயரம், தார்சா தாண்டிப் பட்டாசல், கழிப்பறை புறவாசலில். என்ன மாற்ற வேண்டும்? அரசு உதவி கிடைக்குமா?
– தந்தை, திசையன்விளை

பதில்: வருவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், பெரும்பாலோர் வந்த பிறகுதான் கொத்தனாரைத் தேடுகிறார்கள். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. ஆகவே உங்கள் இரண்டடி வாசலுக்கு 24 அடி சாய்தளம் வேண்டும். கொத்தனார் ஆறடியில் முடித்துத் தருகிறேன் என்பார். அதில் உங்கள் மகன் தானாக ஏறவும் முடியாது, இறங்கும்போது கவிழ்ந்தும் விடுவான். தெருப்பக்கம் அவ்வளவு இடமில்லை என்றால் பக்கச் சுவரோரமாக ஒருமுறை திரும்பிப் போகும்படி கட்டலாம். திரும்பும் இடம் சமதளமாக இருக்க வேண்டும். கதவுகளுக்கு 32 அங்குலமாவது இடைவெளி வேண்டும். பழைய வீடுகளில் ஒவ்வொரு நிலைக்கும் இருக்கும் மர வாசற்படிதான் பெரிய தடை. மனம் கேட்காவிட்டாலும் அதை அறுத்து எடுத்துவிடுங்கள். கழிப்பறையைப் புறவாசலில் விட்டுவிடாமல் அவன் படுக்கும் அறையை ஒட்டிக் கொண்டுவாருங்கள்; கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், சுவரில் கைப்பிடிக் கம்பியை வலுவாகப் பதியுங்கள். வீல்சேரில் மெத்தை இல்லாமல் உட்கார விடாதீர்கள். கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ கையூன்றி எழும்பியோ ஓரிரு நிமிடம் எடையை இறக்கப் பழகியிருப்பான், அதை நினைவூட்டுங்கள். பங்குனி உத்திரத்திற்குச் சாஸ்தா கோவிலுக்கு வேனில் போகும்போதும் இது பொருந்தும்.

அரசு உதவிக்கு முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுள்ளவர்களுக்குப் பல சலுகைகள் கிடைக்கும். மருத்துவச் சான்று பெற்று, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் விண்ணப்பியுங்கள். மாதாந்திரப் பராமரிப்புத் தொகை, வீல்சேர், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பம். ஸ்கூட்டருக்கு இப்போதே கொடுத்து வையுங்கள், வரிசை நீளம். அவன் தானாகக் கடைத்தெருவுக்குப் போய்வரத் தொடங்கினால் பாதிக் கவலை உங்களுக்குக் குறையும்.

கட்டிலை மறந்துவிட்டேன். அதன் உயரம் மெத்தையோடு சேர்த்து வீல்சேர் இருக்கையின் உயரத்திற்குச் சமமாக இருக்க வேண்டும். தாத்தா காலத்துக் கட்டில் என்றால் கால்களை அறுக்க வேண்டியிருக்கும். மையத்தில் அவனுக்குக் கொடுத்திருக்கும் வீல்சேரின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, வீட்டு நிலைகளின் அளவோடு சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். ஆசாரியை அதுவரை நிறுத்தி வையுங்கள்.